அப்பாவின் நடுக்குவாதம்: வயல் மருந்தா, குடும்ப வழியா?

தம்பலகாமத்தான் கேட்கிறார்:

எனது அப்பாவுக்கு 68 வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வயலில் இறங்கியவர். பெரும்போகம், சிறுபோகம் என்று ஐம்பது வருடங்களுக்கு மேலாகத் தம்பலகாமத்து நெல்வயலைத் தவிர வேறு உலகம் அறியாதவர். கடந்த தை மாதம் நரம்பியல் நிபுணர் ஒருவர் அவரைப் பரிசோதித்து, இது பார்க்கின்சன் நோய்தான் என்று உறுதிப்படுத்தினார். லெவோடோபா மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரத்தில் அப்பா தன் சேட்டுப் பொத்தான்களைத் தானே பூட்டிக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். ஆகவே சிகிச்சையைப் பற்றி நான் கேட்க வரவில்லை. காரணத்தைப் பற்றியே கேட்க விரும்புகிறேன்.

இந்த விடயத்தில் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. எல்லாம் வயலுக்கு அடித்த மருந்தின் வேலை என்பது அம்மாவின் முடிவு. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு, ஒழுகும் தாங்கியை முதுகில் சுமந்து அப்பா மருந்தடித்ததையும், குழாயின் வாய் அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றி வாயால் ஊதியதையும் கண்ணால் கண்டவர் அவர். பெரியப்பாவோ இது எங்கள் குடும்ப வழி என்கிறார். அப்பாவின் அக்காவான எனது மாமிக்கும் இருபது வருடங்களாகக் கை நடுங்குகிறது. போதாக்குறைக்கு, அப்பாவும் அம்மாவும் மச்சான் மச்சாள் முறையில் திருமணம் செய்தவர்கள். சொந்தத்துக்குள் முடித்தால் இப்படித்தான் வரும் என்று ஊரில் ஒருவர் சொல்லிவிட்டுப் போக, அன்றிலிருந்து என் தம்பிக்கு உறக்கம் இல்லை.

அவனுக்கு 39 வயது. இன்று அதே வயலில் மருந்தடிப்பவன் அவன்தான். கையுறை போட்டால் வேலை ஓடாது என்பவன், கடன்பட்டாவது மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று நிற்கிறான். அது தேவையா? எங்கள் கிணறு வயல் வரம்பிலிருந்து ஐம்பது அடி தூரத்தில் இருக்கிறது; அதையும் மூடிவிட வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா 1979 முதல் போகத்துக்கு எத்தனை புசல், என்ன மருந்து, எத்தனை போத்தல் என்று சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். 2013ஆம் ஆண்டுப் பக்கங்கள் வரை இரண்டு கோடுகளையும் தொட்டு நின்ற எழுத்து, அதற்குப் பிறகு ஒவ்வொரு போகமும் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசிப் பக்கங்களில் எறும்பு ஊர்ந்தது போல் இருக்கிறது. கை நடுங்கத் தொடங்கியதோ இரண்டு வருடங்களுக்கு முன்னர்தான்.

உப்புவெளி வைத்தியர் (ஓய்வு) எழுதுகிறார்:

உங்கள் கேள்வியின் கடைசிப் பந்தியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் விடை இருக்கிறது. எழுத்துச் சிறுப்பது இந்நோயின் அறிகுறிகளில் ஒன்று. பார்க்கின்சன் நோயில் நடுமூளையிலுள்ள சப்ஸ்டான்சியா நைக்ரா என்ற கரிய பகுதியின் நரம்புக் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரப்பவை அவையே. கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் வெளியே தெரியும் வேளையில் அக்கலங்களில் ஏறத்தாழ அரைவாசியோ அதற்கு மேலோ போய்விட்டிருக்கும். அதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே மணம் தெரியாமற் போவது, மலச்சிக்கல், உறக்கத்தில் கனவோடு சேர்ந்து கத்துவது, கை கால் உதறுவது போன்றவை தோன்றலாம். அடுப்பில் கருவாடு பொரிவது அப்பாவுக்கு எப்போதிருந்து மணக்கவில்லை என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், காரணத்தைத் தேடுபவர் நோய் பிடிபட்ட வருடத்தைச் சுற்றித் தேடக் கூடாது. இருபது முப்பது வருடங்கள் பின்னால் போக வேண்டும். இன்று கிணற்றில் இருக்கும் நீரைச் சோதித்தால் 1985இல் அதில் என்ன இருந்தது என்பது தெரியப் போவதில்லை.

இனிக் குடும்ப வழி. 1817இல் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு நோயாளிகளை வைத்து இந்நோயை விவரித்த பிறகு, ஏறத்தாழ 180 வருடங்களுக்கு ஒரு மரபணுகூட இதனுடன் தொடுக்கப்படவில்லை. 1997இல் இத்தாலியின் கொந்தூர்சி என்ற ஊரிலிருந்து பரவிய ஒரு பெருங் குடும்பத்தில், அல்பா சைனியூக்ளின் என்ற புரதத்தை ஆக்கும் மரபணுவில் விகாரம் எனப்படும் மாற்றம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. நோயாளியின் மூளைக் கலங்களுக்குள் உருண்டையாகத் திரண்டு கிடக்கும் லூயி பொருள்களில் இருப்பதும் அதே புரதம்தான் என்று அந்த ஆண்டிலேயே தெரியவந்தது. 1998இல் பார்க்கின் மரபணுவும், 2004இல் எல்.ஆர்.ஆர்.கே.2 மரபணுவும் வந்தன. இப்படி ஒற்றை மரபணுவே நோயைக் கொண்டுவந்தது என்று சொல்லத்தக்க நோயாளிகள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான். எல்.ஆர்.ஆர்.கே.2இல் மிகுதியாகக் காணப்படும் விகாரம் வட ஆபிரிக்க பெர்பர் மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் அதிகம், தென்னாசியரிடம் அரிது. அதைச் சுமப்பவருக்குக்கூட நோய் நிச்சயம் அல்ல. 80 வயதளவில் அவர்களில் கால் பங்கினருக்கு நோய் வரும் என்று ஓர் ஆய்வும், முக்கால் பங்கினருக்கு வரும் என்று இன்னோர் ஆய்வும் சொல்லும் அளவுக்கு அந்தக் கணக்கே தளம்புகிறது.

சொந்தத்துக்குள் திருமணம் என்ற பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் சொன்னவர் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். பார்க்கின், பிங்க்1 போன்ற மரபணுக்களில் பழுதான பிரதி தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு சேர்ந்தால்தான் நோய் வரும். இரத்த உறவில் முடித்தவர்களின் பிள்ளைகளிடம் அப்படிச் சேரும் வாய்ப்புக் கூடுதல். அப்படியானால் உங்கள் அப்பாவின் நோய்க்குப் பார்க்க வேண்டியது அவருடைய தாய் தந்தையரின் உறவை. அவர் உங்கள் அம்மாவை முடித்தது அவருடைய மூளையை ஒன்றும் செய்யாது. மேலும் அந்த வகை நோய் பெரும்பாலும் 40 வயதுக்கு முன்னரே தலைகாட்டிவிடும். அறுபதைத் தாண்டி வந்த நடுக்கத்துக்கு அந்தக் கதை பொருந்தாது.

உங்களுக்கும் தம்பிக்கும் என்ன ஆபத்து? ஒரு மனிதருக்கு வாழ்நாளில் இந்நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று இரண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் அது இரண்டு மூன்று மடங்காகும். மடங்கு என்ற சொல் பயமுறுத்தும். ஆனால் உங்களைப் போன்ற நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் இந்நோயைக் காணாமலே போய்ச் சேருவார்கள் என்பதும் அதே கணக்குத்தான். உங்கள் தம்பிக்கு நடுக்கமோ விறைப்போ இல்லாத நிலையில், எந்தப் பரிசோதனை முடிவும் அவருடைய சிகிச்சையை இன்று மாற்றாது. அந்தப் பணத்தை வைத்திருக்கச் சொல்லுங்கள்.

மாமியைப் பற்றி ஒரு கேள்வி. அவருடைய கை எப்போது நடுங்குகிறது? சும்மா மடியில் கிடக்கும்போதா, எதையாவது தூக்கும்போதா?

விவசாயப் போதனாசிரியர் (ஓய்வு) எழுதுகிறார்:

வைத்தியர் ஐயா மரபணுவைச் சொல்லிவிட்டார். மருந்தை நான் சொல்கிறேன். இந்த மாவட்டத்தில் வரப்பு வரப்பாக நடந்து அந்தப் போத்தல்களைப் பரிந்துரைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அப்பாவின் கொப்பியில் பரக்குவாட் என்ற களைநாசினி இருக்கிறதா என்று பாருங்கள். உழவுக்கு முன்னர் புல்லைக் கருக்குவதற்கும், வரம்புப் புல்லுக்கும் அதைத்தான் அடித்தோம். அதன் இரசாயன அமைப்பு எம்.பி.பி.+ என்ற நஞ்சின் அமைப்பை ஒத்தது. அந்த நஞ்சின் கதை 1982இல் கலிபோர்னியாவில் வெளிவந்தது. களவாகத் தயாரித்த போதைப்பொருளை ஊசியில் ஏற்றிய இளைஞர்கள் சிலர் ஒரு சில நாட்களுக்குள் கல்லுப் போல விறைத்து, முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போல வைத்தியசாலைக்கு வந்தார்கள். அப்பொருளில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற அசுத்தம் மூளைக்குள் எம்.பி.பி.+ ஆக மாறி, டோபமின் கலங்களின் சக்தி உற்பத்தியை நிறுத்திவிட்டது. வெளியிலிருந்து வரும் ஓர் இரசாயனம் குறி பார்த்து அந்தக் கலங்களையே கொல்ல முடியும் என்று உலகம் அன்றுதான் அறிந்தது. அதன் பிறகு பீடைகொல்லிகளின் மீது ஆய்வாளர்களின் கண் விழுந்தது. 2000ஆம் ஆண்டில் ரொட்டெனோன் என்ற, கொடி வேரிலிருந்து எடுக்கப்படும் பூச்சிகொல்லியை எலிகளுக்குச் செலுத்தி ஏறத்தாழ அதே நோயை உண்டாக்கிக் காட்டினார்கள். 2011இல் அமெரிக்க விவசாயிகளிடையே வெளிவந்த ஆய்வு, ரொட்டெனோனையோ பரக்குவாட்டையோ கையாண்டவர்களிடம் நோயின் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று கணக்கிட்டது. பிரான்ஸ் 2012இல் பீடைகொல்லியோடு புழங்கிய விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சன் நோயைத் தொழில்சார் நோயாகவே சட்டத்தில் ஏற்றுக்கொண்டது. நம் இலங்கை விவசாயிக்கு அப்படி ஒரு வரி எழுதப்படவில்லை என்பது என் தனிப்பட்ட ஆதங்கம்.

நம் நாட்டில் பரக்குவாட் 2008 முதல் 2011 வரையான காலத்தில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னர் 1984இல் பரத்தியோன் வகைப் பூச்சிகொல்லிகளும், 1995இல் மெத்தமிடோபொஸ், மொனோகுரோட்டோபொஸ் ஆகியவையும், 1998இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. அந்தத் தடைகள் நஞ்சருந்தி இறந்தோரின் தொகையைக் குறைப்பதற்காக வந்தவை. தடையின் பின்னர் அத்தொகை பெருமளவு வீழ்ந்தது. பார்க்கின்சன் நோயை மனதில் வைத்து ஒன்றும் செய்யப்படவில்லை. ஆனால் உங்கள் தம்பி தலையெடுத்தபோது அந்தப் போத்தல் கடையில் இல்லாமற் போனது அவருடைய அதிர்ஷ்டம்.

இப்போது கையுறைக்கு வருகிறேன். அதே விவசாயிகளின் தரவை மீண்டும் பிரித்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வொன்றில், பரக்குவாட்டுக்கும் பேர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லிக்கும் நோயோடு இருந்த தொடர்பு, கையுறையைச் சரிவரப் பாவிக்காதவர்களிடம் மட்டுமே தெரிந்தது. மருந்து பெரும்பாலும் மூக்கு வழியே ஏறுகிறது என்று நம் ஆட்கள் நினைத்து வாயில் துவாயைக் கட்டிக்கொள்வார்கள். உண்மையில் பெரும் பகுதி தோல் வழியேதான் போகிறது. 16 லீற்றர் தாங்கியின் மூடி இறுகாவிட்டால் முதுகு நனைவதையும், போத்தல் மூடியால் அளந்து ஊற்றும்போது விரல் நனைவதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தம்பி பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

தம்பலகாமத்தான் எழுதுகிறார்:

இரண்டு ஐயாமாருக்கும் நன்றி. கொப்பியைப் பார்த்தேன். 1981 பெரும்போகத்திலிருந்து 2009 வரை ஏறக்குறைய எல்லாப் போகத்திலும் அந்தக் களைநாசினியின் பெயர் இருக்கிறது. அம்மாவைக் கேட்டபோது, பத்துப் பன்னிரண்டு வருடங்களாகவே அப்பா கறியின் மணத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, தன் சமையலில் பிழை என்று தான் நினைத்திருந்ததாகச் சொன்னார்.

மாமியை நேற்றுப் போய்ப் பார்த்தேன். மடியில் கை அசையாமல் கிடக்கிறது. தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்கியதும் நடுக்கம் தொடங்கி, வாய்க்குக் கிட்ட வரும்போது சாசரில் பாதி ஊற்றுப்பட்டுவிடுகிறது. அப்பாவுக்கோ இது நேர்மாறு: தொலைக்காட்சி பார்க்கும்போது பெருவிரல் மாத்திரை உருட்டுவது போல ஆடும், கோப்பையைப் பிடித்ததும் நின்றுவிடும். மாமியின் கையெழுத்து கோணலாக, பெரிதாக இருக்கிறது.

உப்புவெளி வைத்தியர் (ஓய்வு) எழுதுகிறார்:

நேரில் பார்க்காமல் நான் நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் நீங்கள் விவரிப்பது பார்க்கின்சன் நடுக்கத்தை விட, செயலின்போது வரும் இன்னொரு நடுக்கத்தையே ஒத்திருக்கிறது. அது தனி நோய். குடும்பத்தில் தொடர்ந்து வருவது அதுதான் கூடுதல். இருபது வருடம் இருந்தும் நடையைத் தொடாமல் இருப்பதும் அதற்கே பொருந்தும். அதற்கு மருந்தும் வேறு. மாமியைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். அங்கேயும் அப்படியே சொன்னால், உங்கள் பெரியப்பாவின் கட்சிக்கு இருந்த ஒரே சாட்சி விழுந்துவிடும்.

அதற்காக அம்மாவின் கட்சி முற்றாக வென்றதாகவும் எடுக்க வேண்டாம். அதே பரக்குவாட்டை அதே வருடங்களில் அடித்த உங்கள் அயல் வயற்காரர்களில் பெரும்பாலானோருக்கு இந்நோய் இல்லையே. வயதும், ஆணாய்ப் பிறந்ததும் தாமே ஆபத்துக் காரணிகள். பெண்களை விட ஆண்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வருகிறது. நஞ்சும் மரபும் சேர்ந்து வேலை செய்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு 2012இல் வெளிவந்தது. உடலில் நஞ்சை அகற்ற உதவும் ஜி.எஸ்.டி.டி.1 என்ற மரபணு சிலரிடம் பிறவியிலேயே முற்றாக இல்லை. அப்படிப்பட்ட ஆண்கள் பரக்குவாட்டைக் கையாண்டபோது நோயின் வாய்ப்பு 11 மடங்காகவும், அம்மரபணு உள்ளவர்களிடம் ஒன்றரை மடங்காகவும் இருந்தது. சிறிய ஆய்வு, எண்ணைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டாம். அம்மரபணு இல்லாமல் பிறப்பது நோயல்ல, மருந்தைத் தொடாதவருக்கு அது ஒரு குறையாகவே தெரியாது. ஆகவே உங்கள் வீட்டு இரண்டு கட்சிகளும் ஒரே ஏணியின் இரண்டு கால்களைத் தனித்தனியே பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

கிணற்றைப் பற்றிக் கேட்டீர்கள். கலிபோர்னியாவில் பீடைகொல்லி தெளிக்கும் பகுதிகளில் சொந்தக் கிணற்று நீரைக் குடித்தவர்களிடம் நோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது உண்மை. குடிப்பதற்குக் குழாய் நீர் கிடைக்குமானால் அதைக் குடியுங்கள்; கிணற்றை மூட வேண்டியதில்லை. தாங்கி கழுவிய நீரை அதன் பக்கத்தில் ஊற்றாதிருந்தாலே போதும்.

நிலாவெளி வாசகி எழுதுகிறார்:

என் தாயாருக்கு நடந்ததை இங்கே எழுதுவது பொருந்தும் என்று நினைக்கிறேன். 74 வயதில் அவருக்குக் கை நடுங்கி, முகம் உணர்ச்சியற்றுப்போய், நடை தேய்ந்தது. எல்லோரும் பார்க்கின்சன் என்றே முடிவெடுத்தோம். வெங்காயத் தோட்டத்தில் மருந்தடித்ததுதான் காரணம் என்று அப்பாவைக் குற்றம்சாட்டியவளும் நானே. வைத்திய நிபுணர் முதலில் கேட்டது, என்னென்ன குளிசை போடுகிறார் என்பது. தலைச்சுற்றுக்கென்று ஒரு மருந்துக் கடையில் வாங்கிய சின்னரிசின் மாத்திரையை அம்மா எட்டு மாதங்களாக நாள்தோறும் விழுங்கியிருக்கிறார். அதை நிறுத்திய பின்னர், மூன்று மாதங்களுக்குள் நடை பழையபடி வந்தது. டோபமினின் வேலையைத் தடுக்கும் மருந்துகள் இன்னும் பல உண்டாம்: வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின், மனநோய்க்குக் கொடுக்கும் ஹலோபெரிடோல். மாமியைக் கூட்டிச் செல்லும்போது அவருடைய மருந்துப் பையையும் கொண்டுபோங்கள். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம் என்று எங்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னார்கள்.

துறைமுகத்தான் எழுதுகிறார்:

வயலில் மட்டும் தேடாதீர்கள். நான் 22 வருடங்கள் இயந்திர வேலைத்தளமொன்றில் இருந்தேன். இரும்புப் பாகங்களின் கிறீசைக் கழுவ ட்ரைக்ளோரோஎதிலீன் பாவித்தோம். வேலை முடிய அதிலேயே கையையும் கழுவினோம். அமெரிக்காவில் லெஜூன் என்ற கடற்படைவீரர் முகாமின் குடிநீரில் இந்தத் திரவம் கலந்திருந்தது. 1975க்கும் 1985க்கும் இடையில் அங்கு இருந்தவர்களிடம், மாசில்லாத வேறொரு முகாமில் இருந்தவர்களை விட நோய் 70 சதவீதம் கூடுதல் என்று 2023இல் கண்டார்கள். எனக்கு இன்னும் ஒன்றுமில்லை. மணமும் தெரிகிறது, பீடி மணம்கூட. புகைப்பவர்களுக்கு இந்நோய் குறைவு என்று சொல்கிறார்களே, உண்மையா?

உப்புவெளி வைத்தியர் (ஓய்வு) எழுதுகிறார்:

ஆய்வுக்கு ஆய்வு அப்படித்தான் வருகிறது. கோப்பி குடிப்பவர்களிடமும் அப்படியே. ஆனால் புகைப்பவரை நெஞ்சும் நுரையீரலும் அதற்கு முன்னரே கொண்டுபோய்விடும். கோப்பியைக் குடியுங்கள், பீடியை விடுங்கள்.

தம்பலகாமத்தான் எழுதுகிறார்:

நேற்று மாமியைக் காட்டினோம். வைத்தியர் ஐயா சொன்னபடியே, அது பார்க்கின்சன் அல்ல என்றார்கள், புரோப்ரனலோல் கொடுத்திருக்கிறார்கள். பெரியப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. தம்பி மரபணுப் பேச்சை விட்டுவிட்டான். குழாய் வாயை ஊதுவதற்குப் பதிலாகப் பழைய பல்துலக்கி ஒன்றைத் தாங்கியிலேயே கட்டிவிட்டிருக்கிறான். கையுறைக்கும் அரை மனதாக இணங்கியிருக்கிறான். அடுத்த மருந்தடிப்பு இருபது நாட்களில். எந்த வகையை வாங்குவது?

விவசாயப் போதனாசிரியர் (ஓய்வு) எழுதுகிறார்:

நைட்ரைல் கையுறை, முழங்கை வரை நீண்டது. துணியும் தோலும் வேண்டாம். அவை மருந்தைக் குடித்து வைத்துக்கொண்டு நாள் முழுவதும் கையில் தேய்க்கும். நெல்லுக்குக் கை தாழ்த்தித்தான் அடிப்பது என்பதால், சேட்டின் கை கையுறைக்கு வெளியே வர வேண்டும். உள்ளே விட்டால் வழிவதெல்லாம் கையுறைக்குள் இறங்கும். கழற்றுவதற்கு முன்னர் கையில் இருக்கும்போதே சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.